வால்வை நம்புவதா, இடைவெளியை நம்புவதா?

சில வருடங்களுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றின் திருநாள் அன்று நடந்த சம்பவம் இது. மதிய உணவு முடிந்து ஆலய வளவில் இளைஞர்கள் கிடாரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய பரல் ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார்கள். பைப்பில் மாட்டிய ஹோஸின் நுனி பரலின் அடிவரை இறங்கிக் கிடந்தது. இடையில் தண்ணீர் நின்றுவிட்டது. பைப்பைப் பூட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. சற்று நேரத்தின் பின் பரலில் இருந்த தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. யாரோ வெளியே ஊற்றிவிட்டார்கள் என்றே எண்ணினோம்.

பின்னேரம் ஒழுங்கையின் பள்ளப் பக்கத்து வீட்டுத் தாயொருவர் கையில் செம்புடன் வந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பைப்பைத் திறந்து, மெல்லியதாக ஒழுகியதைப் பிடித்து வைத்திருக்கிறார். "சுவாமி, சபைக்காரர் இண்டைக்கு மருந்தைக் கூடப் போட்டிட்டினம் போல, நுரைக்குது" என்றார். செம்பில் இருந்தது எமது கிடாரம் கழுவிய தண்ணீர். விடயம் விளங்கியதும் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமைதான் நீடித்தது. மரக்கறித் தோட்டம் ஒன்றின் ஓரமாகப் போகும்போது அதே மாதிரியான பரலைக் கண்டோம். ஹோஸும் அதேபோல அடிவரை கிடந்தது. அதில் கலந்திருந்தது பூச்சிமருந்து.

குழாய்நீர் எப்போதும் சபையின் தாங்கியில் இருந்து எமது வீட்டுக்குத்தான் ஓடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழாய்க்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அழுக்கம் கூடிய இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்கு நீர் ஓடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பிரதான குழாயில் அழுக்கம் விழுந்தால், அல்லது எமது வீட்டுப் பக்கத்து அழுக்கம் அதைவிட மேலோங்கினால், நீர் வந்த வழியே திரும்பிப் போகும். போகும்போது பரலில், தொட்டியில், தாங்கியில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போகும்.

முதலாவது வகையை விளங்கிக்கொள்வது எம்மவர்க்குச் சிரமமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய மண் இது. பரலுக்குள் ரியூப்பை விட்டு, வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டு, நுனியைக் கீழே பிடித்தால் எண்ணெய் தானாக ஓடிவரும் என்பதை எமது தகப்பன்மார் செய்து காட்டியிருக்கிறார்கள். திருநாள் அன்று நடந்ததும் அதுவே. தண்ணீர் நின்றதும் பள்ளப் பக்கத்து வீடுகள் பைப்பைத் திறந்தன. குழாயில் மிஞ்சியிருந்த நீர் அங்கே இறங்கியது. இறங்கிய நீர் மேட்டுப் பக்கத்தில் எமது ஹோஸின் வாயால் உறிஞ்சியது. எமக்கு மேலே உள்ள காற்றுக்குச் சுமார் பத்து மீற்றர் உயரமான நீரின் பாரம் உண்டு. குழாயினுள் வெறுமை ஏற்பட்டால் அந்தப் பாரம் முழுவதும் பரலில் உள்ளதைக் குழாய்க்குள் தள்ளும். குழாயில் உடைந்த மூட்டு ஒன்று வாய்க்காலுக்கோ மலக்குழிக்கோ பக்கத்தில் கிடந்தால், அங்கே ஊறியிருப்பதும் உள்ளே வரும்.

இரண்டாவது வகை யாழ். குடாநாட்டுக்கு இப்போது மிக நெருக்கமானது. அதைப்பற்றியே இங்கு அதிகம் எழுத விரும்புகிறோம்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எமது நிலத்தில், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீரைக் கிணற்றால் எடுத்தே தலைமுறைகள் வாழ்ந்தன. அந்த நீர் இன்று பழைய நீர் அல்ல. உரம் அதிகம் இடும் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. மலக்குழியும் கிணறும் ஒரே சிறிய காணிக்குள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் மலக்கிருமிகள் காணப்படுகின்றன. கடலோரங்களில் உவர் ஏறுகிறது. இதனால்தான் குழாய்நீருக்காக இத்தனை காலம் காத்திருந்தோம். 2010ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய யாழ்ப்பாணம் - கிளிநொச்சித் திட்டம், இரணைமடு நீரைப் பற்றிய இழுபறிகளைக் கடந்து, இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்கு மாறியது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. கடலில் இருந்து உப்பைப் பிரித்து இவ்வளவு தூரம் கொண்டுவரப்படும் தண்ணீர் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தண்ணீர் வந்து சேரும் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? கிணறு இருக்கிறது, கிணற்றில் மோட்டார் இருக்கிறது, கூரைக்கு மேலே தாங்கி இருக்கிறது, தாங்கியில் இருந்து குசினிக்கும் குளியலறைக்கும் குழாய்கள் இருக்கின்றன. புதிய இணைப்பைக் கொண்டு வந்து அந்தப் பழைய குழாயிலேயே ஒரு ரீ போட்டுப் பொருத்திவிடுவதுதான் மலிவான வேலை. நடுவே ஒரு வால்வைப் போட்டு, "சபைத் தண்ணி வரேக்கை இதைத் திறவுங்கோ, கிணத்துத் தண்ணி எடுக்கேக்கை பூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பிளம்பர் போய்விடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் கேட்கப்பட்டது தண்ணீர் வரவேண்டும் என்பது மட்டுமே.

ஒரு சாதாரண வீட்டு மோட்டார் இருபது மீற்றர் உயரத்துக்கும் மேலாக நீரை எழுப்பவல்லது. நேரம் வைத்துத் தண்ணீர் விடப்படும் வீதிக் குழாயிலோ, கடைக்கோடி ஒழுங்கைகளில் அதன் பாதி அழுக்கமும் இருப்பதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் ஒன்றுமே இல்லை. வால்வு திறந்தபடி கிடக்க, கிணற்று மோட்டார் ஓடினால், அந்தக் கிணற்று நீர் மீற்றரைக் கடந்து வீதிக்கு இறங்கும். ஒரு வீட்டின் கிணறு அந்த ஒழுங்கை முழுவதற்குமான கிணறாகிவிடும். குடிப்பவர்களுக்கு அது தெரியாது. சபையின் தண்ணீர் என்று நம்பிக் குழந்தைக்குப் பால் கரைப்பார்கள்.

வால்வைப் பற்றி நாம் இவ்வளவு சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. பின்லாந்து நாட்டில் நொக்கியா என்றொரு நகரம் இருக்கிறது. கைத்தொலைபேசிக்குப் பெயர் கொடுத்த அதே நகரம்தான். 2007 நவம்பர் இறுதியில் அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் திருத்த வேலை நடந்தது. குடிநீர்க் குழாயையும், சுத்திகரித்து வெளியேற்றப்படும் கழிவுநீர்க் குழாயையும் ஓர் இணைப்பு தொடுத்திருந்தது. அவற்றைப் பிரித்து வைத்திருந்தது ஒரு வால்வு. அது திறக்கப்பட்டது, திறந்தபடியே விடப்பட்டது. இரண்டு நாட்களில் ஏறக்குறைய 450 கனமீற்றர் கழிவுநீர் குடிநீருக்குள் போனது. சுமார் 30,000 பேர் வாழும் நகரில் ஆயிரக்கணக்கானோருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். பல வாரங்கள் கொதித்த நீரே கதியாயிற்று. பொறியியலாளர்களும் ஆய்வுகூடங்களும் நிறைந்த நாட்டில், பயிற்சி பெற்ற ஊழியர்களின் கையில் இருந்த வால்வின் கதை இது. எமது வீட்டு வால்வோ பாடசாலைவிட்டு வந்த பிள்ளையின் கையில், அல்லது அவசரத்தில் நிற்கும் சமையற்காரியின் கையில் இருக்கிறது.

"இவ்வளவு காலமும் இப்படித்தான் வைத்திருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லையே" என்று கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் இயேசு சபையினர் நடத்தும் ஹோலி குறோஸ் கல்லூரியில் 1969இல் நடந்ததைச் சொல்வது பயன்தரும். அவர்களது அமெரிக்கன் ஃபுட்போல் அணி அந்த ஓகஸ்ட் மாத இறுதியில் பயிற்சியில் இருந்தது. மைதானத்தில் நிலத்துக்குள் பதித்த சிறிய பெட்டிகளில், புல்லுக்கு நீர் தெளிக்கும் பைப்புகள் இருந்தன. பெட்டிகளில் தண்ணீர் தேங்கும். அருகே இருந்த வீடொன்றின் பிள்ளைகளுக்குச் செங்கமாரி; அவர்கள் அந்தப் பைப்புகளடியில் விளையாடுவது வழக்கம். நகரின் வேறொரு பகுதியில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் பெருந்தொகையாக நீரை இழுத்தார்கள். குழாய்களில் அழுக்கம் விழுந்தது. பெட்டிகளில் தேங்கியிருந்த நீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. அதே குழாயின் நுனியில் இருந்த பைப்பில் விளையாட்டு வீரர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

அன்று ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. செங்கமாரியின் கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக நான்கு வாரங்கள் எடுக்கும். செப்டெம்பர் கடைசியில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். வீரர்களும் பயிற்றுநர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. இரண்டே ஆட்டங்களுடன் அந்த வருடப் போட்டிகள் கைவிடப்பட்டன. அத்தனை பேரும் ஒரே அணியில் இருந்தபடியால்தான் மருத்துவர்கள் தேடிப்போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எமது ஊரில் ஓர் ஒழுங்கையில் நான்கு பேருக்குச் செங்கமாரி வந்தால், ஒருவர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிப்பார், ஒருவர் தனியார் மருத்துவமனைக்குப் போவார், இன்னொருவர் கொழும்பில் உள்ள மகளிடம் போவார். ஒரு மாதத்துக்கு முன் எந்த நாளில் தண்ணீர் நின்றது, யார் மோட்டார் போட்டார் என்று யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஒன்றும் வரவில்லை என்பதும், வந்ததை நாம் தொடுத்துப் பார்க்கவில்லை என்பதும் வெவ்வேறு.

கொதிக்க வைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. கிருமிக்குப் போதும். நைத்திரேற்றுக்கும் பூச்சிமருந்துக்கும் போதாது. நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். சபை போடும் குளோரீன் காக்கும் என்பதும் அரைகுறை உண்மை. வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதிக் குளோரீன் இருக்க வேண்டும் என்பார்கள். சிறிதளவு அழுக்கைச் சமாளிக்கத்தான் அந்த அளவு. அழுக்கு நீர் ஒரு பரல் வந்து கலந்தால் குளோரீன் அங்கேயே செலவாகிப் போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது? பலரும் ஒருவழி வால்வைச் சொல்கிறார்கள். மீற்றருக்கு அருகில் அதைப் பொருத்துவது நல்லதே. சபை ஒவ்வோர் இணைப்பிலும் அதைப் பொருத்திப் பரிசோதிக்கவும் வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் சிறு தகட்டின் கீழ் ஒரு மணற்துணிக்கை, ஒரு சுண்ணாம்புப் படிவு இருந்துவிட்டால் அது சரியாக மூடாது. மூடவில்லை என்பது வெளியே தெரியவும் மாட்டாது. எமது நீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைக் கேத்தலின் அடியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எமது கருத்து வேறு. நடுவில் காற்றை விடுங்கள். குழாயின் வாய்க்கும், தாங்கியில் நீர் ஏறக்கூடிய ஆக உயர்ந்த மட்டத்துக்கும், அதாவது தாங்கி நிரம்பி வழியும் விளிம்புக்கும் இடையில், குழாயின் விட்டத்தைப் போல இருமடங்கு இடைவெளி இருக்க வேண்டும்; எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு அந்த ஓர் அங்குலம் போதும். நீர் மேலிருந்து கீழே விழும். கீழிருந்து எழும்பி அந்த இடைவெளியைத் தாண்டிக் குழாய்க்குள் ஏறாது. தகடு இல்லை, சுருள் இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை, ஞாபகம் வைத்துப் பூட்ட ஒன்றுமில்லை. கிணற்றையும் கைவிட வேண்டியதில்லை. கைவிடவும் கூடாது, தோய்க்கவும் குளிக்கவும் மரங்களுக்கு ஊற்றவும் கடல்நீரைச் சுத்திகரித்துச் செலவழிப்பது அநியாயம். கிணற்றுக்கு ஒரு குழாய்வழி, குடிநீருக்கு இன்னொன்று. ஒரே தாங்கிதான் உண்டென்றால் இரண்டு குழாய்களும் தாங்கியின் மேலே தனித்தனியாக வந்து, தனித்தனியாக இடைவெளிவிட்டு விழட்டும். அப்போதும் அந்தத் தாங்கி நீரைக் கிணற்று நீராகவே கருத வேண்டும். குடிப்பதற்கு, மீற்றரில் இருந்து நேரே வரும், வேறெதனுடனும் தொடாத பைப் ஒன்றைக் குசினியில் வைத்துக்கொள்வது நல்லது.

தாங்கிகளில் இன்னொரு வழக்கத்தையும் காண்கிறோம். செலவைக் குறைக்க, அடியில் பொருத்திய ஒரே குழாயால் நீரை ஏற்றி, அதே குழாயால் இறக்குவார்கள். ஐந்து மீற்றர் உயரத்தில் நிற்கும் தாங்கி, வீதிக் குழாயில் நீர் நின்றவுடன் வீதியை நோக்கித் தன்னையே வெறுமையாக்கும். பல்லி விழுந்த தாங்கி, பாசி படிந்த தாங்கி எல்லாம் அயலாருக்குப் பங்கிடப்படும்.

இனி, சற்றுச் சங்கடமான விடயம் ஒன்று. வீதிக் குழாயில் நேராக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுகிறவர்களைப் பற்றியது. அழுக்கம் குறைந்த இடங்களில் இது பரவுகிறது. வசதியுள்ள வீட்டில் மோட்டார் ஓடும்போது, அதற்கு அப்பால் உள்ள வீடுகளில் பைப் காற்றை உறிஞ்சும் சத்தத்தை நாம் கேட்டிருக்கிறோம். விரலை வைத்தால் இழுக்கும். அந்தக் கடைசி வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களது தண்ணீர் பறிபோகிறது என்பது பாதி அநியாயம். அவர்கள் பக்கத்து உடைந்த மூட்டுகளாலும் வாளிக்குள் கிடக்கும் ஹோஸ்களாலும் அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது என்பது மீதி. மோட்டார்க்காரரும் அந்த அழுக்கையே குடிக்கிறார் என்பது ஆறுதலாகாது.

ஒரு கிராமத்தில் நீர்ப்பாவனையாளர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தோம். சபை மண்டபம் மௌனமாகியது. முன்வரிசையில் இருந்தவர்களில் மூவரின் வீட்டில் அந்த மோட்டார் இருந்தது பின்னர்தான் தெரியவந்தது. உடனே இணைப்பை வெட்ட வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நாம் அதை ஆதரிக்கவில்லை. ஒரு மாத அவகாசம் கொடுக்கலாம் என்றோம். நிலமட்டத்தில் சிறிய தொட்டி ஒன்று கட்டி, மிதவை வால்வு பூட்டி, இடைவெளிவிட்டு அதற்குள் தண்ணீர் விழ வைத்து, அந்தத் தொட்டியில் இருந்து மோட்டாரால் எடுக்கலாம். விரும்பிய நேரம் எடுக்கலாம். யாருடைய குழாயும் இழுபடாது. தொட்டியின் வாயை நிலத்தைவிட ஓரடியாவது உயர்த்தி, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையேல் மாரிவெள்ளமும் எலியும் டெங்கு நுளம்பும் அதற்குள் குடிபுகும். மாதம் முடிந்தும் மாற்றாதவரின் இணைப்பை, அவர் தலைவராயினும், வெட்டத்தான் வேண்டும். மூவரில் இருவர் தொட்டி கட்டினார்கள்.

நேரம் வைத்துத் தண்ணீர் விடுவதே இந்தத் தீமைகளுக்கெல்லாம் வேர் என்பதை அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும். குழாயில் இரவுபகல் அழுக்கம் இருந்தால் உறிஞ்சலும் இல்லை, மோட்டாரும் தேவையில்லை. புதிய இணைப்புகளின் எண்ணிக்கையை விழாக்களில் வாசிப்பதைப் போலவே, எத்தனை மணிநேரம் நீர் நிற்கிறது என்பதையும் வாசிக்கட்டும். மலையகத்தின் ஊற்றுநீர்த் திட்டங்களுக்கும் இது பொருந்தும். குடிநீர்க் குழாயில் நேரே தோட்டத்துத் தெளிப்பான்களை மாட்டியிருப்பதை அங்கும் கண்டோம்.

வாசகர்கள் தம் வீட்டில் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். மீற்றருக்கு அருகில் உள்ள வால்வைப் பூட்டிவிட்டு, தாங்கியில் தொடுக்காத, வீதிக் குழாயில் இருந்து நேரே வரும் பைப் ஒன்றைத் திறந்து விடுங்கள். குழாயில் மிஞ்சிய நீர் வடிந்ததும் கிணற்று மோட்டாரைப் போடுங்கள். அந்தப் பைப்பில் தண்ணீர் வந்தால் கிணறும் சபைக் குழாயும் எங்கோ தொடுத்திருக்கின்றன. மற்றது, ஏணி வைத்து ஏறித் தாங்கியின் மூடியைத் திறந்து பார்ப்பது.

எமது கன்னியர் மடங்கள், சிறுவர் இல்லங்கள், முன்பள்ளிகள், தியான இல்லங்கள் இதில் முந்திக்கொள்ள வேண்டும். கிணறும் பெரிய மோட்டாரும் பெரிய தாங்கியும் உள்ளவை அவைதான். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய கிழமையில் நாமும் அறைவீட்டுத் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தோம். குழாயின் வாய் நீருக்குள் நான்கு விரற்கடை அமிழ்ந்து கிடந்தது. நீர் விழும் சத்தம் நித்திரையைக் கெடுக்கிறது என்று முன்பு எப்போதோ யாரோ அதை நீட்டிவிட்டிருக்கிறார்கள். பிளம்பர் வந்து வெட்டி உயர்த்த அரைமணித்தியாலம் எடுத்தது. இப்போது இரவில் சத்தம் கேட்கிறது.